தவராசா அண்ணையின் வலது காது

செய்தி வந்தபோது நான் பிராங்பேர்ட்டில் பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டு மேடையில் ஒலிவாங்கியோடு நின்றுகொண்டிருந்தேன். "மாமன்மார் தட்டுகளோடு வருகினம். தட்டு இருபத்தொன்று. மூண்டு மாமன்மாரின்ரை தொந்தியையும் சேர்த்தால் இருபத்திநாலு" என்று சொல்லிவிட்டுச் சனம் சிரிப்பதற்காக நிறுத்திய அந்த இடைவெளியில், சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. ஹைன்ஸ் என்ற பெயர் தெரிந்தது. ஹைன்ஸ் ஹம் நகரத்துக் குத்துச்சண்டைக் கழகம் ஒன்றின் பழைய பயிற்சியாளர். மூக்கு மூன்று இடத்தில் உடைந்த ஜேர்மன்காரர். வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் புத்தாண்டுக்குத்தான் எடுப்பார். இது புத்தாண்டு அல்ல.

திரைக்குப் பின்னால் போய்க் காதில் வைத்தேன். "தவா போய்விட்டான்" என்றார். "காலையில். தாதிப் பெண் பக்கத்தில் இருந்தாளாம். அவன் எழுதிக் கொடுத்திருந்த முதல் இலக்கம் உன்னுடையதுதான்."

நான் திரும்பி மேடைக்குப் போனேன். கேக் வெட்டும் வரைக்கும் பகிடி விட்டேன். அன்றைக்குப் போல என் பகிடிகளுக்குச் சனம் ஒருநாளும் சிரித்ததில்லை. இதை வேறு யாராவது செய்திருந்தால் நான் ஐரோப்பா முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவராசா அண்ணை ஐந்தடி இரண்டங்குலம். ஹம்மில் எல்லோருக்கும் அவர் 'பொக்சிங் அண்ணை'. ஆனால் வாழ்க்கையில் ஒருவரையும் அவர் குத்தியதில்லை. வாரநாளில் கம்பித் தொழிற்சாலை. சனிக்கிழமைகளில் கழகத்தின் மேடையோரம் ஒரு சின்ன மேசையில், நிறுத்தற் கடிகாரமும் பித்தளை மணியுமாக இருப்பார். மூன்று நிமிடம் முடிந்தால் மணி. ஒரு நிமிட ஓய்வு முடிந்தால் மறுபடி மணி. மேடையில் இரண்டு மலைகள் மோதிக்கொண்டு நிற்கும். எங்கள் அண்ணை மணியடித்தால் இரண்டும் விலகிப்போய் மூலையில் குந்தும். "உலகத்திலை என்ரை சொல்லுக் கேக்கிற ஆக்கள் இவங்கள் மட்டுந்தான்" என்பார்.

அவருக்கு இடது காது கேட்காது. யாராவது பேசத் தொடங்கினால் முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுப்பார். பழகாதவர்கள் பெரிய எடுப்புக்காரன், திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள். நானும் முதல்நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த முதல்நாள், ஹம்முக்குப் பக்கத்திலிருந்த அகதி விடுதியில். எனக்கு இருபது வயது, அண்ணைக்கு முப்பதுக்கு மேல். நாலு பேர் அறையில் அவருடைய கட்டிலுக்கு மேல்கட்டில் எனக்கு. வந்த கிழமையே அவர் பழைய சாமான் சந்தையில் ஒரு வீடியோக் கசெற் வாங்கி வந்தார். படம் என்று நினைத்துப் பொதுக்கூடத்தில் போட்டால், கறுப்புவெள்ளையில் குத்துச்சண்டை. அறுபதுகளில் அமெரிக்காவில் நடந்த உலக அதிபார எடைப் பட்டச் சண்டை. முதல் சுற்று. மலைபோல ஒருத்தர், கொடிபோல ஒருத்தர். சுற்றிச் சுற்றி வருகிறார்கள். திடீரென்று மலை விழுகிறது. அடி விழுந்ததை நாங்கள் ஒருவரும் காணவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த சனமும் காணவில்லையாம். கொடி நின்று எழும்பு எழும்பு என்று கத்துகிறது. மலை உருள்கிறது, முழங்காலில் எழும்புகிறது, மறுபடி விழுகிறது. நடுவர் எண்ணுகிறாரா இல்லையா என்றே தெரியாத ஒரு குழப்பத்தில் சண்டை முடிந்துவிட்டது.

எங்களோடு பார்த்துக்கொண்டிருந்த விடுதிக் காவலாளி "ஷீபுங்!" என்று கத்தினான். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது, காசு வாங்கிக்கொண்டு விழுந்துவிட்டான் என்பதற்கு ஜேர்மன்காரர் சொல்லும் ஒற்றைச் சொல் அது. நான் ஒழுங்காகப் படித்த முதல் ஜேர்மன் சொல்லும் அதுதான். நானும் எழும்பி நின்று ஷீபுங் என்று கத்தினேன்.

"இரடா" என்றார் அண்ணை. திருப்பி ஓடவிட்டார். "இப்ப விழுந்தவரின்ரை இடது காலைப் பார். அடி பட்ட உடனை கால் நிலத்தை விட்டு எழும்புது. நடிக்கிறவன் கையைத்தான் எழுப்புவான். காலை எழுப்ப அவனுக்கு ஞாபகம் வராது."

"அப்ப ஏன் அண்ணை ரெண்டாந்தரமும் விழுந்தவர்? முதல்தரம் விழுந்தது படத்திலை வடிவா வரேல்லை எண்டோ?"

அண்ணை சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். ஊரில் ஒரு சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டிருக்கிறார்கள். தலை குனிந்து நிற்க வேண்டும் என்பது கட்டளை. ஒரு சிப்பாய் பின்னால் வந்து, விரித்த கையால் அண்ணையின் இடது காதோடு அறைந்தான். காரணம் இல்லை. விழுந்தார். நாற்பது பேர் நின்றார்கள், ஒருவரும் காணவில்லை. எல்லோரும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கண்டதெல்லாம் ஒரு மனிதன் சும்மா வந்து விழுந்தது மட்டுந்தான்.

"காதிலை அடி வாங்கினவனுக்கு நிலம் எங்க, வானம் எங்க எண்டு தெரியாது" என்றார். "நான் எழும்பினனான். திரும்ப விழுந்தனான். மூண்டாந்தரம் பஸ்ஸின்ரை ரயரைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பினது. வீட்டை போக, பின்னுக்கு நிண்ட பெடியனே கேக்கிறான், என்னண்ணை, மயக்கமோ எண்டு."

இரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, தழும்பு இல்லை. ஒரு காது மட்டும் போய்விட்டது. அது வெளியே தெரியாத காயம்.

இனி எழுதப்போவதை எழுதவேண்டாம் என்று என் மனைவி சொன்னார். கடவுச்சீட்டைப் பறித்துவிடுவார்களாம். பறிக்கட்டும். அதிலுள்ள படத்தில் நான் ஆளே இல்லை.

அந்தக் காலத்து விடுதிகளில் ஒவ்வொருவரும் விசாரணைக்குப் போகுமுன் கதை தேடுவது வழக்கம். என்ன சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், எதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று முன்னே போய் வந்தவர்கள் வகுப்பெடுப்பார்கள். என்னிடம் கதையே இருக்கவில்லை. என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. எனக்கு ஏதும் நடக்குமுன்னே அப்பா பயந்து ஏற்றி அனுப்பியவன் நான். அந்தப் பயமே போதுமான காரணம்தான். ஆனால் அதைச் சொன்னால் எடுபடாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

எனக்கு விசாரணைக்கான 'ரேர்மின்', அதுதான் தவணை நாள், முதலில் வந்தது. அண்ணைக்கு இரண்டு கிழமை பிந்தி. நான் அதிகாரியின் முன்னால் இருந்து அண்ணையின் கதையைச் சொன்னேன். சோதனைச் சாவடி, வரிசை, குனிந்த தலைகள், காதோடு அறை, பஸ்ஸின் ரயர். பின்னுக்கு நின்ற பெடியன் கேட்ட கேள்வியைக்கூட விடவில்லை. அழுதும் காட்டினேன். அதிகாரி கடதாசிக் கைக்குட்டை எடுத்துத் தந்தார். பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன், அவ்வளவு திறமாக நான் எங்கும் நடித்ததில்லை. கண்ணாடியின் முன் ஒத்திகை பார்த்தபோது இடதா வலதா என்று குழம்பி, கேட்காத காதை மட்டும் வலதாகச் சொல்லிவிட்டேன். என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து அண்ணை தன் கதையைச் சொல்லப் போனார். திரும்பி வந்தபோது நான் விடுதிக் குசினியில் நின்றேன்.

"என்னண்ணை, எப்பிடி?"

"கேட்டவை. சொன்னனான்." கேத்திலை அடுப்பில் வைத்தார். "உனக்குச் சீனி ரெண்டோ?"

அவ்வளவுதான் கதைத்தார். முடிவுக் கடிதம் வந்தபோது, என் ஜேர்மன் கொஞ்சம் பரவாயில்லை என்பதால் வாசித்துச் சொல்லும்படி என்னிடம்தான் தந்தார். நம்பத்தக்கதல்ல என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வசனம்: விண்ணப்பதாரர் கூறியது, அதே விடுதியைச் சேர்ந்த வேறொருவர் முன்னரே கூறியதை ஒத்திருக்கிறது. நான் அந்த வசனத்தை விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துக்குத் தாவினேன்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

"அவ்வளவுதானண்ணை."

அந்த வசனம் அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு நான் பிராங்பேர்ட்டுக்கு வந்துவிட்டேன். விமான நிலையத்தில் பெட்டி தூக்கினேன், கலியாணம் செய்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள், ஒலிவாங்கி பிடித்துப் பேர் எடுத்தேன். அண்ணைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒரு கடதாசி. அதை வைத்துக்கொண்டு மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, ஊரிலிருந்து யாரையும் கூப்பிடவும் ஏலாது. ஊரில் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் நாலு வருடம் காத்திருந்தார். பிறகு வீட்டுக்காரர் அவரைக் கனடாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணை அதற்குப் பிறகு வேறு பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. என் கலியாணத்துக்கு அவரால் வர முடியவில்லை, எல்லை. ஒருவரிடம் ஒரு பொதி கொடுத்து அனுப்பியிருந்தார். பிரித்தால் அந்தக் கசெற். ஒரு துண்டுக் கடதாசியில், 'வடிவாய்க் கவனிச்சுப் பார்' என்று எழுதியிருந்தார். மனைவி, "உங்கட சிநேகிதருக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். என்னுடைய சீவியமே சிரித்துச் சமாளித்ததுதான்.

ஒருவழியாக, நெடுநாள் இருந்தவர்களுக்கு என்று வந்த ஏதோ ஒரு விதியில் அவருக்கும் வதிவிட உரிமை கிடைத்தது. அந்தக் கோடை தொடங்கி ஒவ்வொரு வருடமும் ஹம்மின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு நான் போவேன். சாமி கும்பிட்டு முடிய இரண்டு பேரும் கால்வாய்க் கரையில் கச்சான் கடலைச் சரையோடு இருப்போம். அண்ணை வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்பார்:

"இந்த வருசம் என்ன தீர்ப்பு? ஷீபுங்கோ?"

"ஷீபுங்தானண்ணை. சந்தேகமில்லை."

"காலைப் பாத்தியோ?"

"பாத்தன். கால் நல்லா நடிக்குது."

தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். சுற்றியிருப்பவர்கள் எங்களைச் சண்டைச் சேவல்கள் என்பார்கள். இரண்டு வளர்ந்த மனிதர்கள், தங்களுக்கு ஒரு உறவும் இல்லாத நாட்டில், தாங்கள் காணாத காலத்தில் நடந்த ஒரு சண்டைக்காகத் தேர்த் திருவிழாவில் கத்திக்கொண்டிருந்தால் வேறு என்ன சொல்வார்கள்?

ஒருமுறை அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அக்கா நின்றார். அந்த நாளில் விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். என் பகிடிகளுக்குச் சிரிக்கும் ஆள் என்பதால் பேச்சுக் கொடுத்தேன். தூரத்தில் நின்ற அண்ணையைக் காட்டி அவர் சொன்னார்:

"சொல்லக்கூடாது தம்பி, ஆனாலும் எவ்வளவு காலம். அந்த மனிசனை என்னாலை மறக்க ஏலாது. அதிகாரி கேட்டவர், இது உங்கட கதையெண்டால் மற்றவர் வந்து சொன்னது ஆரின்ரை கதை எண்டு. ஒரு சொல்லுச் சொன்னால் காணும், காதைக் காட்டினால் காணும். மனிசன் மேசையைப் பாத்துக்கொண்டு இருந்தவர். கேக்கேல்லையாக்கும் எண்டு நான் எழும்பி வலப்பக்கம் போய்த் திரும்பவும் கேட்டனான். 'எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை' எண்டார். அந்த மற்றக் கள்ளன் எங்க இருக்கிறானோ?"

மற்றக் கள்ளன் அவருக்குப் பின்னால் தட்டோடு நின்றான். "அவன் நல்லாத்தான் இருப்பானக்கா" என்றேன். சோறு வாங்கினேன். சாம்பாறும் கேட்டு வாங்கினேன்.

அன்றைக்குக் கால்வாய்க் கரையில் அண்ணை வழக்கம்போலக் கேட்டார். நான் வழக்கம்போல, "ஷீபுங். தோத்தவர்தான் சண்டையை வித்தவர்" என்றேன்.

"அப்பிடியெண்டே வைப்பம். வித்த தோத்தவருக்கு என்ன கிடைச்சிருக்கும் எண்டு நினைக்கிறாய்?"

நான் ஒரு கோதை உடைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. "கச்சான் சரியா வறுபடேல்லையண்ணை" என்றேன்.

அவர் என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக் கால்வாயில் போன கப்பலைப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் அவர் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் வாசலில் நின்று கூத்தாடினேன் என்பது எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் பன்னிரண்டு தேருக்கு மேல் போய் வந்தேன். அவருடைய பேச்சுக்கு ஒத்துக்கொண்டால் அதோடு எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற பயம். ஒத்துக்கொண்ட பிறகு அவர் என்னோடு கச்சான் தின்ன வரமாட்டாரோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

இந்த வருடம் தேருக்கு அவர் வரவில்லை. கணையத்தில் புற்றுநோய். மருத்துவமனைக்குப் போனேன். ஹைன்ஸ் வெளியே நின்று, "சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லிவிடு" என்றார். இந்த ஆளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணை கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டிலின் இடது பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. அதில் இருந்து குனிந்து, அந்த இடது காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி ஒத்திகை, கைக்குட்டை, கடிதத்தில் நான் தாண்டிய வசனம், எல்லாம். முப்பது வருடத்துக்கு மேலான சுமையை ஒரு செத்த காதுக்குள் கொட்டிவிட்டு நிமிர்ந்தேன். அவர் கண் திறந்திருந்தது.

"என்ன முணுமுணுக்கிறாய்? இஞ்சால வந்து சொல்லு."

எழும்பிக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். ஆறு அடி இருக்கும். அந்த ஆறு அடியில் நான் திரும்பவும் நகைச்சுவையாளனாகிவிட்டேன். இப்போது ஒத்துக்கொண்டால், நான் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு நோய் முற்றிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் செய்துகொண்டேன். குனிந்து சொன்னேன்:

"ஷீபுங்தானண்ணை. மாற்றமில்லை."

சிரித்தார். அவருக்குச் சிரிக்க நொந்தது. "பரவாயில்லை" என்றார். "வாற வருசம் சொல்லு."

வாற வருசம். அவர் எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

ஹம் மயானத்து மண்டபத்தில் இறுதிக் கிரியை நடந்தது. லண்டனில் இருந்து வந்த தங்கை, தொழிற்சாலைக்காரர், கோயில் சனம். பின்வரிசையில் கறுப்புக் கோட்டுப் போட்ட பத்துப் பதினைந்து உடைந்த மூக்குகள். சிவபுராணம் முடிந்து, வாய்க்கரிசி போட்டு முடிய ஹைன்ஸ் எழும்பி முன்னால் வந்தார். கையில் அண்ணையின் பித்தளை மணி. குத்துச்சண்டைக்காரர் இறந்தால் பத்துத் தடவை மணி அடித்து வழியனுப்புவது அவர்கள் வழக்கம். அதை நான் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். ஒலிவாங்கி பிடிக்கிறவன் நான்தானே. கதிரையிலேயே இருந்துவிட்டேன்.

முதல் மணி. இரண்டாவது. மூன்றாவதில் பெண்கள் பக்கமிருந்து ஒரு "அரோகரா" எழும்பியது. நாலாவதில் ஐயர், ஏதோ தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துத் தன் கைமணியை எடுத்துக் கிலுக்கத் தொடங்கினார். சனம் எழும்பிக் கைகூப்பியது. இரண்டு மணியும் கலந்தன. ஹைன்ஸ் ஆறோடு நிறுத்தினார். சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்து, "எத்தனை?" என்று கேட்டார்.

அந்தக் கசெற்றிலும் இப்படித்தான், எண்ணிக்கை குழம்பியது. அண்ணை பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"ஆறு" என்றேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னும் நாலு இருந்தது. நான் இருந்த இடம் பெட்டியின் இடது பக்கம். எழும்பினேன். அவருடைய காலடியைச் சுற்றி வலது பக்கத்துக்கு நடந்தேன். ஏழு. தங்கை என்னைப் பார்த்தார். எட்டு. குனிந்தேன். அந்தக் காதில் யாரோ ஒரு சாமந்திப் பூவை வைத்திருந்தார்கள். அதை எடுத்தேன்.

"அண்ணை, அது ஷீபுங் இல்லை. அடி விழுந்தது. அது உங்கட அடி. நான்தான் களவெடுத்தனான்."

ஒன்பது.

"நான் கால் எழும்பினதை அண்டைக்கே கண்டனான் அண்ணை."

ஹைன்ஸின் கை மேலே நின்றது. நான் நிமிரும் வரைக்கும் அவர் காத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். சண்டையில் அப்படிக் காத்திருக்க மணியடிக்கிறவருக்கு அனுமதி இல்லை. அண்ணை ஒருநாளும் காத்திருந்ததில்லை. எனக்காக மட்டும் ஒவ்வொரு கோடையும் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

"போயிட்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

பத்தாவது மணி அடித்தது.